பதினான்காம் தெருவில் நின்ற கம்புகள்

லோடன் நகரத்தில் நல்ல காப்பி கிடைக்காது. பன்னிரண்டு வருடமாகச் சொல்லிவருகிறேன், யாரும் காதில் போட்டுக்கொள்வதில்லை. கொட்டையைக் கருக வறுத்து, அரை மணி நேரம் கொதிக்கவிட்டு, மேலே கொஞ்சம் பச்சைத் தண்ணீர் தெளித்துவிட்டால் மண்டி அடங்கிவிடும் என்று நம்புகிற ஜனங்கள். உங்கள் ஷெரீப் இங்கே கொண்டுவந்து வைத்திருப்பதும் அதே சரக்குதான். பரவாயில்லை, சர்க்கார் வக்கீல் ஐயா, உட்காருங்கள். எழுதிக்கொள்ளுங்கள். நான் நிதானமாகவே பேசுவேன். எனக்கு எழுபது வயதாகப்போகிறது, போக வேண்டிய இடம் எதுவும் இல்லை.

கம்புகளைப் பற்றிக் கேட்டீர்கள். கஸ் ராடமாக்கர் சாகும்போது பாதிரியாரிடம் அழுதிருக்கிறான், பாதிரியார் உங்களிடம் வந்து மூச்சுவிட்டிருக்கிறார். வண்டிக்காரன் செத்துப்போகையில் சொன்னதை வைத்து, இந்த ஊரை உண்டாக்கியவனைக் கூப்பிட்டு விசாரிக்கிறீர்கள். எனக்கு வருத்தமில்லை. ஆனால் கம்புகளிலிருந்து தொடங்கினால் உங்களுக்கு ஒன்றும் புரியாது. பாதையிலிருந்து தொடங்க வேண்டும்.

ரயில் கம்பெனியில் எனக்கு நகர்மனை ஏஜென்ட் உத்தியோகம். தண்டவாளம் போகிற வழியில் எங்கெங்கே ஊர் வைப்பது என்று தீர்மானிப்பது என் வேலை. எட்டு மைலுக்கு ஒன்று, மிஞ்சினால் பத்து மைலுக்கு ஒன்று. எஞ்சின் தண்ணீர் குடிக்க வேண்டும்; விவசாயி காலையில் கோதுமையை ஏற்றிவந்து இறக்கிவிட்டு இருட்டுவதற்குள் வீடு திரும்ப வேண்டும். அவ்வளவுதான் ஊர். பெயர்களை எழுத்து வரிசையில் வைத்துக்கொண்டு போனோம். எல் எழுத்தின் முறை வந்த அன்று நான் கூடாரத்தில் உட்கார்ந்து டப்பாவில் அடைத்த சிப்பி தின்றுகொண்டிருந்தேன். டப்பாமேல் லோடன் என்று இருந்தது. எழுதிவிட்டேன். போன ஜூலை நான்காம் தேதி சுதந்திர தின விழாவில் உங்கள் மாமனார் ப்ரூயிட், ஜெனரல் லோடன் உள்நாட்டுப் போரில் ஒரு கையை இழந்த மாவீரர் என்று மேடையில் பேசினார். ஜனங்கள் தொப்பியைக் கழற்றினார்கள். நானும் மேடையில்தான் இருந்தேன், கை தட்டினேன்.

லோடனுக்கு முன்னால் பெத்தானி இருந்தது. ஆற்று வளைவில், வண்டிகள் ஆற்றைக் கடக்கிற துறையில், நாற்பத்திரண்டு வீடு. ஒரு மரத் தேவாலயம், மாவு மில், பள்ளிக்கூடம். பதினாறு வருடத்து ஊர் என்று பெருமையாகச் சொல்லிக்கொள்வார்கள். வெட்டுக்கிளியைப் பார்த்தார்களாம், பஞ்சத்தைப் பார்த்தார்களாம், தீயைப் பார்த்தார்களாம். ஓரிடத்தில் ரொம்ப நாள் கஷ்டப்பட்டால் அந்த இடம் தங்களுக்குக் கடன்பட்டிருக்கிறது என்று இந்த மாதிரி ஆட்களுக்கு ஒரு நினைப்பு. புல்வெளியில் வளை தோண்டுகிற எலியும் அங்கேதான் ரொம்ப நாளாக இருக்கிறது.

சர்வேயர்கள் இரண்டு கோடு போட்டிருந்தார்கள். ஒன்று வடக்கே, பெத்தானி வழியாக. இன்னொன்று ஏழு மைல் தெற்கே, ஆளில்லாத வெட்டவெளி வழியாக. எதைப் பிடிப்பது என்பதற்கு என் அறிக்கைதான் ஆதாரம். அதனால் பெத்தானிக்காரர்கள் எனக்கு விருந்து வைத்தார்கள். தேவாலயத்தில் பெஞ்சுகளை ஒதுக்கிவிட்டு மேஜை போட்டார்கள். வாட்டிய கோழி, பூசணிப் பணியாரம், சோள ரொட்டி. நாலு பேர் கொண்ட வாத்தியக் கோஷ்டி ஒன்று வாசித்தது. அதில் ஒருவனுக்கு வாசிக்கத் தெரியாது, கன்னத்தை மட்டும் உப்பிக்கொண்டு நின்றான்.

அப்போது அங்கே கடை வைத்திருந்த உங்கள் மாமனார்தான் முதலில் எழுந்து பேசினார். "டீக் சார், நாங்க பதினாறு வருசமா இந்த எடத்த விட்டு நகரல. ரயிலு எங்கள விட்டுட்டு எங்க போயிடப்போவுது?"

எல்லாரும் மேஜையைத் தட்டினார்கள். நான் கம்பெனியின் நிபந்தனையைச் சொன்னேன். ஊர் மனைகளில் சரிபாதியைக் கம்பெனிக்கு எழுதித் தர வேண்டும். ப்ரூயிட் தலையை ஆட்டத் தொடங்கிவிட்டார், எனக்குத் தெரிந்தது. மற்றவர்களும் ஆட்டியிருப்பார்கள். அப்போதுதான் பின்வரிசையிலிருந்து அந்தப் பெண்பிள்ளை எழுந்து வந்தாள்.

இங்கெபோர்க் ஸோல்பெர்க். நார்வேக்காரி, விதவை, பெத்தானியின் தபாலாபீஸ் அவள் வீட்டு முன்னறையில் இருந்தது. நல்ல உயரம். மூக்குக்கண்ணாடியின் ஒரு காது உடைந்து நூலால் கட்டியிருந்தாள். நான் மேஜைமேல் விரித்திருந்த படத்தைக் குனிந்து பார்த்தாள். ரொம்ப நேரம் பார்த்தாள்.

"ஏன் டீக், உங்க படத்துல எங்க ஆறு மேட்டுப்பக்கம் ஏறிப் போவுதே. உங்க ரயிலும் இப்பிடித்தான் போகுமா?"

தேவாலயம் சிரித்தது. கன்னம் உப்பிக்கொண்டு நின்றவன் வாத்தியத்தைக் கீழே வைத்துவிட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டான். அவள் சிரிக்கவில்லை. சிரிப்பு அடங்கியதும், "பாதி ஊர உங்களுக்குக் குடுத்துட்டு மீதி ஊர்ல நாங்க இருக்கணும்னா, அதுக்குப் பேரு ரயில் இல்ல, குடிக்கூலி," என்றாள். அதற்குப் பிறகு தலையாட்டிய ஆட்களெல்லாம் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டார்கள். நியாயம் பேசுகிறவள் ஒருத்தி கிடைத்தால் ஐந்து நிமிடத்துக்கு எல்லாருக்கும் முதுகெலும்பு முளைத்துவிடும்.

படம் வரைந்தவன் செய்த தவறு அது. நானும் கூடச் சேர்ந்து சிரித்தேன். அதற்கும் பாதைக்கும் சம்பந்தமில்லை. எழுதிக்கொள்ளுங்கள், சம்பந்தமில்லை.

அடுத்த வாரம் அறிக்கை எழுதினேன். வடக்குக் கோட்டில் ஏற்றம் அதிகம், ஆற்றங்கரை மண் இளகல், தெற்குக் கோடே உத்தமம். பழைய சர்வே நோட்டு எங்காவது கிடைத்தால் நீங்கள் பார்க்கலாம். ஏற்றம் தெற்கில்தான் அதிகம். இரண்டு கோட்டின் அளவுகளையும் இடம் மாற்றி எழுதினேன். பெரிய வித்தியாசம் இல்லை. நாற்பத்திரண்டு வீட்டின் தலையெழுத்து ஒரு மசிப்புட்டியில் இருந்தது என்று யாராவது கவிதை பாடலாம். எனக்கு அது ஒரு செவ்வாய்க்கிழமைக் காலை வேலை.

பத்தாம் நாள் ப்ரூயிட் என் கூடாரத்துக்கு வந்தார். தொப்பி கையில் இருந்தது. "சார், பாதி என்ன, முழு ஊரையும் எடுத்துக்கங்க. அந்தம்மா பேசினத மனசுல வெச்சிக்காதீங்க. பொம்பள, வெவரம் பத்தாது." பாதை முடிவாகிவிட்டது என்றேன். அவர் முகம் விழுந்தது, ஆனால் ரொம்ப நேரம் விழுந்து கிடக்கவில்லை. "அப்ப புது ஊர்ல ஸ்டேஷனுக்கு எதிர்ப்பக்கம் மூலைமனை யாருக்கு?" என்றார். கொடுத்தேன். ஞாயிற்றுக்கிழமை, ஊரெல்லாம் ஜெபத்தில் இருக்கும்போது, கடையைச் சுவர் சுவராகக் கழற்றி வண்டியில் ஏற்றிக்கொண்டு வந்துவிட்டார். ஜெபம் முடிந்து உப்பு வாங்க வந்தவர்கள் நாலு அஸ்திவாரக் கல்லைப் பார்த்தார்களாம். அவர்தான் இன்றைக்கு உங்கள் நகராட்சித் தலைவர். தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள், ஊருக்குத் தகுந்த தலைவர்.

ஒருவர் போனால் போதும். தரை உறைந்ததும் வீடுகளைச் சறுக்குக்கட்டைமேல் ஏற்றி மாடு கட்டி இழுத்துக்கொண்டு வரத் தொடங்கினார்கள். ஒரு வீட்டின் புகைபோக்கியில் வழிநெடுக புகை வந்துகொண்டிருந்தது. உள்ளே ஒருத்தி ரொட்டி சுட்டுக்கொண்டே வந்தாள். தேவாலயத்துக்கு அறுபது மாடு பூட்டினார்கள். அது பாதி வழியில் சதுப்பில் ஒரு பக்கமாகச் சாய்ந்து உட்கார்ந்துவிட்டது. வசந்தம்வரை அங்கேயே கிடந்தது. ஜனங்கள் ஞாயிறுதோறும் அங்கே போய்ச் சாய்ந்தபடியே ஜெபம் செய்தார்கள். ஒரு கல்யாணம்கூட நடந்தது. இவர்களை நான் மதிக்க வேண்டும் என்று எதிர்பார்க்கிறீர்கள்.

பதினோரு குடும்பம் மட்டும் வரவில்லை. அவளைச் சுற்றி இருந்தவர்கள். தபாலாபீஸ் அங்கே இருக்கும்வரை சர்க்கார் வரைபடத்தில் பெத்தானி என்ற பெயர் இருக்கும். பெயர் இருக்கும்வரை, கிழக்கேயிருந்து மனை வாங்க வருகிறவன் விரலை அதன்மேல் வைத்து, "இது என்ன ஊர்? இதுக்கு ஏன் ரயில் போகல?" என்று கேட்பான். செத்த ஊர் படுத்துக்கொள்ள வேண்டும். உட்கார்ந்துகொண்டு வழிப்போக்கரை முறைக்கக் கூடாது.

ஒருமுறை நானே போய்ப் பேசிப் பார்த்தேன். முன்னறையில் தபால் அடுக்குகளுக்கு நடுவில் உட்கார வைத்துக் காப்பி கொடுத்தாள். இந்த வட்டாரத்தில் நான் குடித்த ஒரே நல்ல காப்பி அது. அதை ஒப்புக்கொள்வதில் எனக்குத் தயக்கமில்லை.

"எதுக்கு இங்கயே கெடக்கறீங்க? ஊரே காலியாயிடுச்சு," என்றேன்.

"ஊரு காலியாவல. ஆளுங்கதான் போனாங்க. தபாலு இன்னும் பெத்தானின்னு பேரு போட்டுத்தான வருது?"

"ரெண்டு வருசம் போனா ஒருத்தனும் அந்தப் பேர எழுதமாட்டான்."

"அப்ப ரெண்டு வருசம் இருக்குங்கறீங்க." கெட்டிலைத் தூக்கினாள். "இன்னும் கொஞ்சம் ஊத்தட்டுமா?"

அவள் புருஷனும் ஒரு குழந்தையும் அங்கே மேட்டில் புதைந்திருந்தார்கள் என்று பிற்பாடு சொன்னார்கள். அவள் அதைப் பற்றி வாய் திறக்கவில்லை. திறந்திருந்தாலும் அது காரணமாகாது. எலும்புக்கு ரயில் வசதி தேவையில்லை. அதைப் பார்த்துக்கொண்டிருக்க ஆளும் தேவையில்லை.

இனி கம்புகள். தபால் மூட்டை லோடன் ஸ்டேஷனில்தான் இறங்கும். செவ்வாயும் சனியும் பெத்தானியிலிருந்து ஒரு சறுக்குவண்டி வந்து எடுத்துக்கொண்டு போகும். ஏழு மைல், நடுவில் ஒரு மரம் கிடையாது. அதனால் அவர்கள் ஐம்பது தப்படிக்கு ஒன்றாக விலோ மரக் கம்புகளை நட்டு, ஒவ்வொன்றின் தலையிலும் சிவப்புத் துணி கட்டினார்கள். பெண்களின் ஃபிளானல் உள்பாவாடைகளைக் கிழித்துக் கட்டிய துணி. பனிப்புயலில் மாட்டிக்கொண்டால் ஒரு கம்பிலிருந்து அடுத்த கம்புக்குத் தடவித் தடவி ஸ்டேஷன்வரை வந்துவிடலாம். புத்திசாலித்தனமான ஏற்பாடு. அவள் யோசனை.

ரயிலிலிருந்து இறங்குகிற வாடிக்கையாளன் முதலில் பார்ப்பது அந்தச் சிவப்பு வரிசையைத்தான். அயோவாவிலிருந்து வந்த ஒருவனுக்கு நான் மனைகளைக் காட்டிக்கொண்டிருந்தேன். "அது என்னங்க, கொடி கொடியா?" என்றான். பக்கத்தில் நின்ற போர்ட்டர், கேட்காமலே, "பனிப்புயல்ல செத்துப்போகாம இருக்கறதுக்குங்க," என்று விளக்கம் சொன்னான். வாடிக்கையாளன் மத்தியான ரயிலிலேயே திரும்பிப் போய்விட்டான்.

என் மனைப்படத்தில் லோடனுக்கு இருபது தெரு. தரையில் அப்போது மூன்றுதான் இருந்தன. மற்றவை பனிக்கு அடியில், இன்னும் சரியாகச் சொன்னால் காகிதத்தில். அந்தக் கம்பு வரிசை வடக்கேயிருந்து வந்து பதினான்காம் தெருவைக் குறுக்கே வெட்டிக்கொண்டு ஸ்டேஷனுக்கு வந்தது. கம்பெனி நிலத்தில் அனுமதியில்லாமல் நட்ட கம்புகள். எடுக்க எனக்குச் சட்டப்படி உரிமை இருந்தது. ஜனவரி முதல் வாரம் கஸ் ராடமாக்கரைக் கூப்பிட்டேன். ஜெர்மன்காரன், காளை மாதிரி ஆள், ஐந்து பிள்ளை.

"மொதலாளி, இது வழிக்கம்பு," என்றான்.

"என் தெருவுல நிக்குது."

"தெரு எங்க?"

படத்தைக் காட்டினேன். அவன் படத்தைப் பார்த்தான், வெளியே பனியைப் பார்த்தான். "புடுங்கிப் போட்டுடவா?"

பிடுங்கினால் அவர்கள் இரண்டே நாளில் கவனித்துவிடுவார்கள், மறுபடி நடுவார்கள் என்றேன். பிடுங்க வேண்டாம், நகர்த்து. கடைசி ஒன்றரை மைலுக்கு ஸ்டேஷன் பக்கம் திரும்பாமல் கம்பெனி எல்லைக் கோட்டோடு மேற்கே ஒதுக்கிக் கொண்டுபோய்விடு.

"கடைசிக் கம்ப எங்க நடறது?"

"படத்தோட மூலையில. எல்லைக்கல்லுகிட்ட."

"அங்க ஒண்ணுமே இல்லையே மொதலாளி."

"இல்லைதான்."

அவன் கொஞ்ச நேரம் கையுறையை முறுக்கிக்கொண்டு நின்றான். பிறகு போய் நட்டான். நேர்த்தியாக நட்டான், ஐம்பது தப்படிக்கு ஒன்று. அழுகையெல்லாம் பத்து வருடம் கழித்துத்தான் வந்திருக்கிறது. பாவமன்னிப்பைப் படுக்கையில் படுத்துக்கொண்டு கேட்பது சௌகரியம்.

அறிவிப்பு எழுதி என் ஆபீஸ் சுவரில் ஆணியடித்து மாட்டினேன். சட்டம் அதைத்தான் கேட்கிறது. பெத்தானிக்காரர்கள் என் ஆபீஸுக்குள் வருவதில்லை என்பது அவர்கள் பிரச்சினை. அடுத்த இரண்டு தபால் நாளும் நல்ல வெயில். தெளிந்த நாளில் யாரும் கம்பைப் பார்க்க மாட்டார்கள், நாலு மைலிலிருந்தே எங்கள் தானியக் கோபுரம் தெரியும், அதைப் பார்த்துக்கொண்டே வந்துவிடுவார்கள். வழிக்கம்பு வேண்டியிருப்பது எதுவும் தெரியாத நாளில் மட்டும்தான். இது எனக்குத் தெரியுமா என்று நீங்கள் கேட்கப்போகிறீர்கள். தெரியும். என்மேல் பலரும் பல பழி சொல்லியிருக்கிறார்கள், முட்டாள் என்று யாரும் சொன்னதில்லை. ஒருமுறை வழி தவறி நாலு மணி நேரம் பனியில் நின்றால் ஏழு மைல் என்பது எவ்வளவு தூரம் என்று புரியும், மூட்டை கட்டுவார்கள். அவ்வளவுதான் என் எண்ணம் என்று அப்போது எனக்கே சொல்லிக்கொண்டேன்.

கம்பு நகர்ந்ததை இன்னொருவரும் பார்த்தார். ப்ரூயிட் அந்தப் பக்கம் முயல் சுடப் போவார். திரும்பி வந்து என் அறை வாசலில் பூட்ஸைத் தட்டிக்கொண்டே, "கம்பையெல்லாம் நகத்திட்டீங்க போலிருக்கே?" என்றார். ஆமாம் என்றேன். யோசித்தார். நான் காத்திருந்தேன், ஒரு மனுஷன் என்ன கேட்பானோ அதைக் கேட்பார் என்று, கொஞ்சம் ஆவலோடுதான் காத்திருந்தேன். "அப்ப பதினாலாவது தெரு இந்த வருசமே வந்துடுமா?" என்றார். அங்கே அவருக்கு ஆறு மனை இருந்தது. கல்யாணத்துக்கு உங்களுக்குச் சீதனமாக வந்தது அதில் ஒன்றுதான். உங்கள் வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்தால் அந்தக் கம்பு நின்ற இடத்தில்தான் உட்காருகிறீர்கள்.

புயல் வந்தது ஒரு வியாழக்கிழமை. காலையில் வெயில், ஆட்கள் கோட்டைக் கழற்றிவிட்டு வேலை செய்தார்கள். இரண்டு மணிக்கு வடமேற்கில் ஒரு சாம்பல் சுவர் எழுந்தது. பத்து நிமிடத்தில் எதிர்வரிசைக் கடை தெரியவில்லை. மாவு மாதிரி நுண்ணிய பனி. கண்ணைத் திறந்தால் இமை ஒட்டிக்கொள்ளும், மூச்சுக்குள் இறங்கும். லோடன்காரர்கள் எல்லாரும் வீடு போய்ச் சேர்ந்துவிட்டார்கள். மூன்று மணிக்குக் கஸ், இடுப்பில் கயிறு கட்டிக்கொண்டு ஸ்டேஷனுக்குள் வந்தான். ப்ரூயிட்டும் கொல்லன் ஒருவனும் முன்பே அங்கே அடுப்பருகில் இருந்தார்கள். கூரைமேல் பழைய எஞ்சின் ஒன்றிலிருந்து கழற்றிய பித்தளை மணி தொங்கும், தீப்பிடித்தால் அடிப்பதற்கு. அதன் கயிறு என் அறைக்குள் இறங்கியிருந்தது.

"மொதலாளி, மணிய அடிப்போம். யாராச்சும் வெளிய மாட்டியிருந்தா சத்தத்த வெச்சு வந்துடுவாங்க," என்றான் கஸ்.

"யாரு மாட்டியிருக்கப்போறா? நம்ம ஆளுங்கல்லாம் வந்தாச்சு."

"பெத்தானிக்காரங்க..."

"செவ்வாயும் சனியும்தான வருவாங்க?"

"அதானே," என்றார் ப்ரூயிட். "இன்னிக்கு வியாழனாச்சே. கஸ்ஸு, ஒனக்கு எப்பவும் ஒரு பதட்டம். அடிக்கற காத்துல கூரையே பறந்துடும், மணி ஒண்ணுதான் கொறச்சல்."

கஸ் என்னைப் பார்த்தான். பிறகு இடுப்புக் கயிற்றைப் பிடித்துக்கொண்டு வீட்டுக்குப் போனான். மற்றவர்களும் போனார்கள். ஒருவனாவது முரட்டுத்தனமாக என்னைத் தள்ளிவிட்டு மணியை அடித்திருந்தால், இன்றுவரை அவனை நான் மதித்திருப்பேன்.

சனிக்கிழமை வானம் வெளுத்ததும் கண்டுபிடித்தார்கள். எல்லைக்கல்லருகில் மூன்று சறுக்குவண்டி. குதிரைகள் நின்றபடியே விறைத்திருந்தன. பதினான்கு பேர், அதில் ஐந்து குழந்தைகள். குழந்தைகளை நடுவண்டியில் போட்டு, மேலே கம்பளி, அதற்கும் மேலே பெரியவர்கள் கவிழ்ந்து படுத்திருந்தார்கள். இங்கெபோர்க் மட்டும் வண்டியில் இல்லை. கடைசிக் கம்பில் ஒரு கயிற்றைக் கட்டி, மறுமுனையை இடுப்பில் கட்டியிருந்தாள். ஐம்பது தப்படியில் அடுத்த கம்பு இருக்க வேண்டும் என்று அவளுக்குத் தெரியும், அவள்தானே நடச் சொன்னவள். கயிறும் கிட்டத்தட்ட ஐம்பது தப்படி. மேல்பனியைத் தள்ளிப் பார்த்தபோது கம்பைச் சுற்றி வட்டமாக ஒரு கால்தடம் இறுகிக் கிடந்தது, பல சுற்று நடந்த தடம். கயிறு விட்ட எல்லாப் பக்கமும் போய்த் தேடியிருக்கிறாள். ஒழுங்கான பெண். எங்கள் ஸ்டேஷன் அங்கிருந்து முக்கால் மைல்.

வானிலையால் நேர்ந்த மரணம் என்று எழுதினார்கள். லோடன் இடுகாட்டில் கம்பெனி செலவில் நான்தான் இடம் கொடுத்தேன். அதுவரை அங்கே ஒரு புதைகுழிகூட இல்லை. மார்ச்சில் தபாலாபீஸ் வந்துவிட்டது. பெத்தானியில் இப்போது கோதுமை விளைகிறது, மேட்டைக்கூட உழுதுவிட்டார்கள். இவ்வளவும் நடந்த ஊரில், எனக்கு ஒரு கல் நாட்டி 'நகரத் தந்தை' என்று பொறிக்க மூன்று மாதம் முன்பு கூட்டம் போட்டீர்கள். கல்லுக்கு மேல் கழுகு வைப்பதா சிங்கம் வைப்பதா என்று சண்டை வந்தது.

நோட்டை மூடுகிறீர்கள். கம்பெனி நிலம், கம்பெனி உரிமை, சுவரில் அறிவிப்பு, வழக்கு நிற்காது என்று யோசிக்கிறீர்கள். சரிதான். மேலும் ஜூரியில் உட்காரப்போகிற பன்னிரண்டு பேருக்கும் இங்கே மனை இருக்கிறது. ஆனால் நீங்கள் கம்பைப் பற்றி மட்டும்தான் கேட்டீர்கள். வக்கீல் உத்தியோகம் பார்க்கிறவர் அடுத்த கேள்வியையும் கேட்க வேண்டாமா? வியாழக்கிழமை அவர்கள் ஏன் வந்தார்கள்?

சரணடைய வந்தார்கள். அந்தச் செவ்வாய்க்கிழமை தபால் வண்டிக்காரனிடம் அவள் எனக்கு ஒரு கடிதம் கொடுத்தனுப்பினாள். என் கோட்டின் உள்பையில் இருக்கிறது, எடுத்துப் பார்க்கலாம். அழகான கையெழுத்து. இப்படி எழுதியிருந்தாள்: பதினோரு குடும்பமும் கூடிப் பேசி முடிவு செய்துவிட்டோம். பிள்ளைகளுக்கு இருமல் நிற்கவில்லை, மாவும் தீர்ந்துவிட்டது. முதலில் பிள்ளைகளும் அவர்களுக்குத் துணையாகச் சில பெரியவர்களும் வியாழன் மத்தியானம் புறப்பட்டு வருகிறோம், தங்க இடம் ஏற்பாடு செய்யுங்கள். தபாலாபீஸை மாற்றுவதற்கான காகிதத்தில் கையெழுத்திட்டு நானே கொண்டுவருகிறேன். ஒருவேளை வானம் மாறினால் தயவுசெய்து ஸ்டேஷன் மணியை அடிக்கச் சொல்லுங்கள். அவ்வளவுதான் இருந்தது. ஒரு வார்த்தைகூடக் குத்தலாக இல்லை.

செவ்வாய் சாயங்காலம் படித்தேன். கஸ்ஸை அனுப்பிக் கம்புகளைத் திருப்பி நட எனக்கு முழுதாக ஒரு நாள் இருந்தது. யோசிக்காமல் இல்லை. அவள் தோற்றுப்போய் வந்தால் எங்கே இருப்பாள்? இங்கேதான் இருப்பாள். என் ஊரில், என் தெருவில், மூக்குக்கண்ணாடியை நூலால் கட்டிக்கொண்டு, நான் விரிக்கிற ஒவ்வொரு படத்தையும் குனிந்து பார்த்துக்கொண்டு. அவள்மேல் எனக்குக் கோபம் எதுவும் கிடையாது. ஒரு ஊருக்கு நல்லதல்ல என்றுதான் நினைத்தேன்.

மணி அடித்திருந்தாலும் எதிர்காற்றில் அவர்களுக்குக் கேட்டிருக்காது என்று சாட்சி சொல்ல ஆட்கள் கிடைப்பார்கள். ஆனால் அதே காற்று அவர்கள் பக்கத்துச் சத்தத்தை எங்கள் பக்கம் கொண்டுவந்தது. நாலு மணிக்குக் குதிரைச் சலங்கை கேட்டது. அப்புறம் பிள்ளைகள் பாடுவது கேட்டது. குளிரில் தூங்கிவிடாமல் இருக்கப் பாட வைப்பார்கள். நார்வேப் பாட்டு, எனக்கு அர்த்தம் தெரியாது. ஆறரை மணிவரை பாடினார்கள். மூச்சு விடுகிற இடைவெளியெல்லாம்கூடக் கேட்டது. அந்த இரண்டரை மணி நேரமும் நான் என் அறையை விட்டு நகரவில்லை, உட்காரக்கூட இல்லை. மணிக்கயிற்றை என் மணிக்கட்டில் மூன்று சுற்றுச் சுற்றிப் பிடித்துக்கொண்டு நின்றேன், வேறு யாராவது வந்து இழுத்துவிடக் கூடாதே என்று.